ராஜினாமாவுக்கு முந்திய மாதங்கள்

நம்முடைய கதைகளில் உத்தியோகத்தை விடுகிறவன் ஒரே நிமிஷத்தில் விட்டுவிடுகிறான். மானேஜர் வரம்பு மீறி ஏதோ சொல்கிறார். கதாநாயகனுக்கு ரோஷம் வருகிறது. ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு வரி எழுதி மேஜைமேல் வீசிவிட்டுப் படியிறங்குகிறான். தெருவில் காற்று வீசுகிறது. அவனுக்கு நெஞ்சு லேசாகிறது. கதையும் அங்கே முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் பால்காரனுக்கு அவன் என்ன பதில் சொன்னான், வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நின்றபோது எந்த அறைக்குள் போய் ஒளிந்துகொண்டான் என்பதெல்லாம் கதாசிரியருடைய கவலை அல்ல. அபிப்பிராயம் கேட்டு எனக்கு வருகிற கையெழுத்துப் பிரதிகளில் வருஷத்துக்கு நாலைந்தாவது இந்த ரகமாக இருக்கின்றன. எழுதியவர்களில் பலர் இன்னும் அதே ஆபீஸில், அதே மானேஜரின் கீழ்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் உபயோகித்திருக்கிற காகிதத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆபீஸ் பெயர் அச்சிட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புகிறார்கள். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல காகிதம் அது, மை ஊறாது.

இந்தக் கதைகளில் பொய் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரோஷத்தில் பொய் இல்லை, ரோஷம் நிஜந்தான். காலக் கணக்கில்தான் பொய் இருக்கிறது. இந்த இடத்தில் இனி இருக்க முடியாது என்று ஒரு மனிதன் தீர்மானிப்பது ஒரு நாள். அவன் காகிதத்தை நீட்டுவது இன்னொரு நாள். இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம் போகலாம், இரண்டு வருஷம் போகலாம். அவ்வளவு நாளும் அவன் ஒன்பதரை மணிக்கு ஆஜராகிறான், கையெழுத்துப் போடுகிறான், மானேஜரின் ஹாஸ்யத்துக்குச் சிரிக்கிறான். உள்ளே வேறொரு மனிதனாக ஆகிவிட்டவன் வெளியே பழைய மனிதனாக நடித்துக்கொண்டு காலந்தள்ளுகிற அந்த மாதங்கள்தாம் இலக்கியத்துக்கு உரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. உலக இலக்கியத்திலேயேகூட இதைத் தொட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

தொட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பிரான்ஸ் காப்கா. அவருடைய 'உருமாற்றம்' என்ற நெடுங்கதை 1912-இன் கடைசியில் எழுதப்பட்டு 1915-இல் பிரசுரமாயிற்று. கிரகர் சம்சா என்ற வாலிபன் ஒருநாள் காலையில் கண்விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எல்லோருக்கும் தெரிந்ததாலேயே கதை கெட்டுப்போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். பூச்சி எதைக் குறிக்கிறது, அப்பன் எதைக் குறிக்கிறான் என்று தேடத் தொடங்கி, கிரகர் படுக்கையில் கிடந்தபடி என்ன நினைக்கிறான் என்பதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவன் நினைப்பது முழுக்க முழுக்க உத்தியோகத்தைப் பற்றி. துணி வியாபார ஸ்தாபனத்தின் ஊர்சுற்றும் விற்பனைக்காரன் அவன். நாலு மணிக்கு அலாரம் வைத்திருந்தான், ஐந்து மணி ரயிலுக்கு. இப்போது ஆறரை தாண்டிவிட்டது. தன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட ரயில் போய்விட்டதே என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம்.

அங்கே, இரண்டு பக்கத்துக்குள், கெட்ட ஆபீஸ் ஒன்றின் முழுச் சித்திரத்தையும் காப்கா தந்துவிடுகிறார். முதலாளி மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு உயரத்திலிருந்து பேசுகிறவர். காது மந்தமானதால் சிப்பந்திகள் கிட்டத்தில் போய் நின்று அண்ணாந்து பதில் சொல்லவேண்டும். ஐந்து மணி ரயிலில் கிரகர் ஏறவில்லை என்று எடுபிடிப் பையன் இதற்குள் சொல்லியிருப்பான். அவன் முதலாளியின் ஆள், முதுகெலும்பில்லாதவன். உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அப்படிச் சொன்னதில்லை. ஆகையால் சந்தேகம் வரும். இன்ஷூரன்ஸ் டாக்டரையே கூட்டிக்கொண்டு முதலாளி வந்துவிடுவார். அந்த டாக்டரின் வைத்திய சாஸ்திரத்தில் நோயாளி என்ற ஜாதியே கிடையாது. சோம்பேறிகள் மட்டுமே உண்டு. ஏழே கால் ஆவதற்குள் தலைமைக் குமாஸ்தா வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பெற்றோர் காதில் விழும்படியாக, கொஞ்ச நாளாக உன் வேலை திருப்தியில்லை என்கிறான். வசூல் பணம் உன் கையில் இருக்கிறதே என்று முதலாளி ஜாடையாகச் சொன்னதையும் சொல்லிவைக்கிறான். சம்பளம் குறைவாக இருப்பதால் ஓர் ஆபீஸ் கெட்டதாகிவிடாது. வேலை அதிகமாக இருப்பதாலும் ஆகிவிடாது. சந்தேகமே அங்கே சுவாசிக்கிற காற்றாக இருக்கும்போதுதான் அது மனிதனை அரிக்கத் தொடங்குகிறது. காப்கா இதை வியாக்கியானம் பண்ணவில்லை. ஒரு ரயில் தவறினால் என்னென்ன நடக்கும் என்று மட்டும் காட்டுகிறார்.

கதையின் கருவே ராஜினாமாதான் என்று நான் நினைக்கிறேன். கிரகர் எப்போதோ தீர்மானம் பண்ணிவிட்டவன். முதலாளிக்கு அவன் பெற்றோர் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் என்றைக்கோ அவர் எதிரில் போய் நின்று மனசில் இருப்பதையெல்லாம் கொட்டியிருப்பான். கேட்டு அவர் மேஜையிலிருந்து கீழேயே விழுந்திருப்பார்! கடன் தீர இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும். தீர்ந்த மறுநாள் விட்டுவிடுவான். இதை நினைத்துப் பார்த்துவிட்டு, சரி, இப்போதைக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். முதலாளி மேஜையிலிருந்து விழுகிற காட்சி அவனுக்கு மருந்து. தினம் ஒரு வேளை உட்கொண்டு வருகிறான் என்று ஊகிக்கலாம். காலந்தள்ளுகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு மருந்து இருக்கும். நம் இளம் எழுத்தாளர்கள் அந்த மருந்தைத்தான் கதை என்று நினைத்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் வருகிறது. முதல் தடவை படித்தபோது அதைக் கவனிக்காமல் போனேன். இரண்டாம் தடவை புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பூச்சியாகிவிட்ட பிறகு அப்பா வீட்டின் பண நிலைமையை எடுத்துச் சொல்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன் வியாபாரம் நொடித்தபோதே கொஞ்சம் பணம் மிஞ்சியிருந்தது. வட்டியோடு வளர்ந்தும் இருக்கிறது. கிரகர் மாதாமாதம் கொண்டுவந்து கொட்டிய பணத்திலும் முழுவதும் செலவாகவில்லை. மிச்சம் பிடித்து ஒரு சிறு முதலாகச் சேர்ந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் பூச்சி கேட்டுக்கொண்டிருக்கிறது. சந்தோஷமாகத் தலையை ஆட்டுகிறது. இந்தப் பணத்தைக் கொண்டு கடனை இன்னும் அடைத்திருக்கலாமே, உத்தியோகத்தை விடுகிற நாள் எவ்வளவோ கிட்டத்தில் வந்திருக்குமே என்று அவன் மனசில் ஓர் எண்ணம் எழுகிறது. எழுந்த வேகத்திலேயே, அப்பா செய்தது நல்லதற்குத்தான் என்று அடங்கிவிடுகிறது. ஆத்திரப்படவும் அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷம் அண்ணாந்து பார்த்துப் பதில் சொன்ன கழுத்து வீட்டிலும் அப்படியே வளைந்துகொடுக்கிறது. இதைவிடக் கொடுமையான ஒரு வாக்கியத்தைக் காப்கா வேறு எங்கும் எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். பூச்சி என்பது இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் சாதாரண விஷயம்.

இன்னொன்றும் உண்டு. கிரகர் நின்ற பிறகு வீட்டார் மூவரும் வேலைக்குப் போகிறார்கள். தங்கை கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்கிறாள். அதோடு நில்லாமல் பிற்பாடு இன்னும் நல்ல இடம் கிடைக்கலாம் என்று ராத்திரியில் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் கற்றுக்கொள்கிறாள். நம் ஊரில் தெருவுக்குத் தெரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்பும் ஷார்ட்ஹாண்டும் 'ஹையர்' பாஸ் பண்ணிக்கொண்டிருந்தவர்களை எனக்கு ஞாபகப்படுத்துகிறவள் அவள். கிரகருக்குக் கனவு மட்டும் இருந்தது. அவளுக்கு வழி தெரிகிறது. அவன் செத்துப்போன அன்று காலையில் மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தத்தம் எஜமானர்களுக்கு, இன்று வருவதற்கில்லை என்று ஆளுக்கொரு கடிதம் எழுதுகிறார்கள். அவனால் ஐந்து வருஷத்தில் ஒரு நாளைக்குக்கூட எழுத முடியாத கடிதம் அது. மூன்று கடிதங்கள், பத்தே நிமிஷம். பிறகு டிராமில் ஏறி ஊருக்கு வெளியே காற்று வாங்கப் போகிறார்கள்.

காப்காவே கிரகர்தான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படி இல்லை. சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு 1907 அக்டோபரில் அவர் ட்ரியெஸ்ட் நகரத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பிராக் கிளையில் சேர்ந்தார். காலை எட்டு மணிமுதல் மாலை ஆறு மணிவரையில் வேலை, எழுத நேரமில்லை. ஒன்பதே மாதத்தில் விட்டுவிட்டார். ஆனால் எப்படி விட்டார் என்பதுதான் விசேஷம். மேஜைமேல் காகிதத்தை வீசவில்லை. 1908-இன் தொடக்கத்திலேயே தொழிலாளர் இன்ஷூரன்ஸைப் பற்றிய வகுப்பொன்றில் சேர்ந்து படித்தார். பள்ளிக்கூடத்து நண்பனின் தகப்பனார் தலைவராக இருந்த தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தில் இடத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டார். அது நிச்சயமான பிறகு, உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட்டோடு பழைய இடத்திலிருந்து கௌரவமாக விலகினார். புது இடத்தில் மத்தியானம் இரண்டு மணியோடு வேலை முடிந்துவிடும். அங்கே பதினாலு வருஷம் இருந்தார், 1922-இல் க்ஷயரோகத்தால் பென்ஷனில் விலகினார், 1924-இல் காலமானார். 'உருமாற்றம்' எழுதிக்கொண்டிருந்தபோதே நடுவில் ஆபீஸ் காரியமாக வெளியூர் போக நேர்ந்து, அதனால் கதை கெட்டது என்று குறைப்பட்டுக்கொண்டவர் அவர். ஆனாலும் வெளியூருக்குப் போனார். அந்த ஒன்பது மாதத்தில் அவர் காட்டிய நிதானத்தையும் சாமர்த்தியத்தையும் கிரகருக்குக் கொடுக்கவில்லை, தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். சொந்த அனுபவத்தை எழுதுவது என்றால் என்ன என்பதற்கு இது நல்ல பாடம்.

நானும் ஒரு காரியாலயத்தில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன்தான். அதன் பெயர் இங்கே அவசியமில்லை. எங்கள் மானேஜர் மேஜைமேல் ஏறி உட்காரமாட்டார். பைலை எடுத்துக்கொண்டு போனால் நிமிர்ந்து பார்க்கமாட்டார், அவ்வளவுதான். கையில் உள்ள பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, மடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, யார் அது என்பார். நான் போவதென்று தீர்மானித்தபின் பதினாலு மாதம் அங்கே இருந்தேன். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானும் என் மனைவியும் ஒரு கணக்குப் போட்டோம். வாடகை, பால், பையன் பள்ளிக்கூடச் சம்பளம், பிராவிடெண்ட் பண்டில் கைக்கு வரக்கூடியது, பத்திரிகைகளிலிருந்து வந்தால் வரக்கூடியது. இந்தக் கடைசி இனத்தை என் மனைவி பாதியாக அடித்துத் திருத்தினாள். அந்தத் தேதியிலிருந்து ஓர் ஆச்சரியம் நடந்தது. மானேஜர் பேப்பர் படிக்கிற நேரம் எனக்கு நீளமாகத் தோன்றவில்லை. அவர் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறார், உதடு எப்போது அசைகிறது, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற துணி எவ்வளவு பழசு என்றெல்லாம் பார்க்க ஆரம்பித்தேன். போகப்போகிறவனுக்கு ஆபீஸ் ஒரு நாவலாகிவிடுகிறது. பொறுமை என்று சொல்கிறார்களே, அது பாதி இந்த வேடிக்கை பார்ப்பதுதான்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பக்கத்து நாற்காலியில் என்னைவிடப் பத்து வயசு மூத்த ஒருவர் இருந்தார். நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் எனக்குப் பாதி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் அவர், "என்னப்பா, கொஞ்ச நாளா ரொம்ப சாதுவா ஆயிட்டே? முன்னெல்லாம் முணுமுணுத்துண்டாவது இருப்பியே?" என்றார். "வயசாறது, அண்ணா" என்றேன். அவரிடம் சொல்வதற்கில்லை. நல்லவர்தான், ஆனால் அந்த ஆபீஸில் ஒருவர் காதில் விழுந்தது மத்தியானக் காப்பிக்குள் மானேஜர் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. நல்ல மனிதரிடம்கூட வாய் திறக்க முடியாமல் பண்ணிவிடுவதுதான் அப்படிப்பட்ட இடங்களின் சாதனை. மானேஜரைப் பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றி எழுத ஆள் வேண்டும்.

அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 'பார்ட்டில்பி' என்ற கதையில் அதைக் கொஞ்சம் செய்திருக்கிறார். 1853-இல் ஒரு மாதப் பத்திரிகையில் இரண்டு இதழ்களாக வந்த கதை. நியூயார்க்கில் ஒரு வக்கீல் ஆபீஸ். கதை சொல்கிறவர் வக்கீலே. அவரிடம் நகல் எழுதுகிற குமாஸ்தாக்கள் இருவர். ஒருவர் மத்தியானம்வரை ஒழுங்காக இருப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு முகம் சிவந்து, மை கொட்டி, ரகளை பண்ணுவார். இன்னொருவருக்குக் காலையில் அஜீர்ணம், பல்லைக் கடிப்பார், மேஜையின் உயரத்தை ஓயாமல் சரிபண்ணிக்கொண்டிருப்பார். மத்தியானத்துக்கு மேல் சாந்தமாகிவிடுவார். ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் முறை. வக்கீலுக்கு இது சௌகரியமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. நூறு வார்த்தைக்கு நாலு சென்ட் கூலிக்கு நாளெல்லாம் நகல் எழுதுகிற மனிதர்கள் பைத்தியம் பிடிக்காமலிருக்கக் கண்டுபிடித்த உபாயம் அது என்று நமக்குத் தெரிகிறது, வக்கீலுக்குத் தெரியவில்லை. கதையின் ஹாஸ்யமெல்லாம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

மூன்றாவதாக வந்து சேருகிற பார்ட்டில்பி ஒரு நாள் வேலை செய்ய விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறான். விமரிசகர்கள் அவனை மகா புரட்சிக்காரனாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அவன் வேலையை விட்டானே ஒழிய ஆபீஸை விடவில்லை. ராத்திரியும் அங்கேதான் படுத்துக்கொள்கிறான். ஆறு நாள் அவகாசம் கொடுத்து, சேரவேண்டிய பன்னிரண்டு டாலருக்கு மேல் இருபது டாலரும் வைத்து, போய்விடப்பா என்கிறார் வக்கீல், போகவில்லை. கடைசியில் ஆபீஸைக் காலி பண்ணிக்கொண்டு வக்கீல் போகிறார்! முதலாளி ராஜினாமா செய்த கதை என்று இதைச் சொல்ல வேண்டும். போவதற்கு வேறு இடம் இல்லாதவனால் விலகவும் முடியாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன கதை இல்லை. பார்ட்டில்பி சிறைச்சாலையில் பட்டினி கிடந்து சாகிறான். இதை எழுதிய மெல்வில், புஸ்தகங்கள் சோறு போடாமற் போனபின், 1866-இல் நியூயார்க் சுங்க இலாகாவில் தினம் நாலு டாலர் சம்பளத்துக்கு இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் உழைத்தார் என்பதையும் தெரிந்துகொண்டு படித்தால் கதை இன்னும் கொஞ்சம் கசக்கும்.

கணக்கு என்ற விஷயத்துக்கு வந்தால் அந்தோணி டிராலப்பைப்போல் நேர்மையாக எழுதியவர் யாருமில்லை. 1834-இல் லண்டன் தபால் இலாகாவில் வருஷத்துக்குத் தொண்ணூறு பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஏழு வருஷம் நேரங்கழித்து வருகிறவன், உருப்படாதவன் என்ற பெயரோடு, எந்த நாளும் சீட்டுக் கிழியலாம் என்ற நிலையில் கழிந்தது. மேலதிகாரிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1841-இல் அயர்லாந்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தப்பினார். அதன்பின் இலாகாவில் மதிப்பாக உயர்ந்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுதும் மேஜையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிடுவதற்காகவே வயோதிக வேலைக்காரர் ஒருவருக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் அதிகமாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு இருநூற்றைம்பது வார்த்தை. 1864-இல் அவருக்கு வரவேண்டியதாக அவர் நினைத்த பதவி அவருக்கு இளையவர் ஒருவருக்குப் போயிற்று. அப்போதும் காகிதத்தை வீசவில்லை. அறுபது வயசுவரை இருந்தால் கிடைக்கக்கூடிய பென்ஷனுக்குச் சமமான வருமானத்தை முதலில் சேர்த்துவைப்பது, பிறகுதான் விலகுவது என்று மனைவியோடு கலந்து எப்போதோ முடிவு செய்திருந்தார். அந்தத் தொகை சேர்ந்தது; ஒரு பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பும் வந்தது; 1867-இல் விலகினார். இறந்த பின் 1883-இல் வெளியான அவருடைய சுயசரிதையில் இதெல்லாம் இருக்கிறது. இப்படிக் காசுக் கணக்குப் பார்க்கிற மனிதனா கலைஞன் என்று முகம் சுளித்தவர்களால் அவர் பெயர் வெகுகாலம் மங்கிக் கிடந்தது.

முகம் சுளித்தவர்கள்மேல் எனக்கு மரியாதையில்லை. எனக்குள்ள குறை வேறு. இவ்வளவு தெரிந்த மனிதர், குமாஸ்தாக்களைப் பற்றியே 1858-இல் ஒரு நாவல் எழுதியவர், அதில் இந்தக் கணக்கை ஏன் விட்டுவிட்டார்? 'மூன்று குமாஸ்தாக்கள்' என்ற அந்த நாவலில் அவருடைய இளமையின் சாயல் கொண்ட வாலிபன் ஒருவன் வேலை செய்கிற உதவாக்கரை இலாகாவைச் சர்க்காரே கலைத்துவிடுகிறது. சிக்கல் தீர்ந்தது! அவன் விலகவும் வேண்டியதில்லை, கணக்குப் போடவும் வேண்டியதில்லை. சுயசரிதையில் சொல்ல முடிந்ததை நாவலில் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. வாசகர் கதாநாயகனை ஏற்கமாட்டார் என்று நினைத்திருப்பார் போலும். அதே பயம் இன்று நம்மிடமும் இருக்கிறது. வாடகையைக் கணக்குப் பார்த்துவிட்டு ரோஷத்தை ஒத்திவைக்கிறவனை நம் வாசகர்கள் கோழை என்பார்கள். ஆகவே எழுத்தாளர்கள் அவனை எழுதுவதில்லை. வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அவனேதான்.

தமிழில் குமாஸ்தாவுக்குப் பஞ்சமில்லை. குமாஸ்தா உத்தமன், மானேஜர் ராக்ஷசன் என்ற பாகுபாட்டோடு எழுதப்பட்டவற்றை ஒதுக்கிவிடலாம். ஒதுக்கியபின் நிற்பவற்றில் புதுமைப்பித்தனுடைய 'ஒரு நாள் கழிந்தது' என்ற கதையை முதலில் வைப்பேன். விளம்பரம் எழுதிப் பிழைக்கிற எழுத்தாளன், எழுதப்படாமலே இருக்கிற பெரிய நாவல், சில்லறைக்கு நண்பனை எதிர்பார்க்கிற நிலைமை. ஆபீஸையே காட்டாமல், ஆபீஸ் மனிதனை என்ன செய்துவிட்டது என்று காட்டுகிற கதை. அவன் வேலையை விடப்போவதாகக்கூடச் சொல்வதில்லை. நாள்தான் கழிகிறது, தலைப்பே அதுதானே. தினமணி ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் 1940-களில் விலகியபோது புதுமைப்பித்தனும் விலகி, பிறகு சொக்கலிங்கம் நடத்திய தினசரியில் சேர்ந்தார். கூட்டமாக வெளியேறுவது வேறு ரகம். அதில் ஒரு திருவிழாக் களை உண்டு, பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். நான் சொல்கிற தனி மனிதனின் ரகசியமான பதினாலு மாதம் தமிழில் இன்னும் நாவலாகவில்லை. என் நாவல்களிலும் இல்லை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். எழுத வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவும் படித்துப் பார்த்தேன்.

எழுத உட்கார்ந்தால் எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கஷ்டம். காகிதத்தை நீட்டுகிற இடத்தில் நிறுத்தினால் மறுபடியும் பழைய கதைதான். இதற்கு வழிகாட்டுகிறவர் சார்லஸ் லாம். இண்டர்மீடியட்டில் எங்களுக்குப் பாடமாக இருந்தவர். பரீட்சைக்காகப் படித்ததால் அப்போது ருசி தெரியவில்லை. 1792-இல் தொடங்கி 1825 மார்ச்சுவரை, முப்பத்துமூன்று வருஷம், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆபீஸில் தேயிலைக்கும் அவுரிக்கும் கணக்கெழுதினார். தாயைப் பைத்திய வேகத்தில் கொன்றுவிட்ட தமக்கையைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. விட்டுவிட்டுப் போக வழியில்லை. பென்ஷனில் விலகிய சில வாரங்களில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இடத்தையும் வருஷத்தையும் மாற்றி, ஒரு வியாபார ஸ்தாபனத்தின் குமாஸ்தாவாகத் தம்மை வைத்துக்கொள்கிறார். ராத்திரித் தூக்கத்திலும் கணக்கு எழுதி, தப்பான பதிவு போட்டுவிட்டதாகப் பயந்து விழித்துக்கொண்ட காலத்தைச் சொல்கிறார். முதலாளிகள் கூப்பிட்டு அனுப்பியபோது, சீட்டுக் கிழிந்தது என்று நடுங்கிக்கொண்டு போனதையும், அவர்கள் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பென்ஷனாகக் கொடுத்து அனுப்பியதையும் சொல்கிறார்.

பிறகு அவர் சும்மா இருக்க முடியாமல் பழைய ஆபீஸுக்கு ஓரிரு தடவை போய்ப் பார்க்கிறார். கூட இருந்தவர்கள் சிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் பழைய ஹாஸ்யங்கள் சரியாகப் பற்றிக்கொள்வதில்லை. இத்தனை வருஷம் ஒன்றாகக் கஷ்டப்பட்டவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று அவருக்குச் சுருக்கென்கிறது. அவருடைய மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் தொப்பி மாட்டுகிற ஆணியில் வேறொருவர் தொப்பி தொங்குகிறது. அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தும் அவருக்கு அது பிடிக்கவில்லை.